கையைத் தூக்கியவன்

பாரிஸின் லா ஷப்பேலில் அந்தக் கடை எதுவென்று கொத்துச் சத்தமே சொல்லிவிடும். கொத்துரொட்டி போடுகிறவரை எல்லோரும் அண்ணை என்போம். முன்கை முழுக்கச் சூடுபட்ட தழும்புகள். சிரித்தாலும் கண்கள் சிரிக்காது.

கடை டிவியில் ஓர் அர்ஜென்டினா முன்கள வீரன் ஆடினால் மட்டும் அவர் வேறு ஆள். பந்து அவன் காலுக்குப் போனதும் கொத்துத் தகடுகள் நின்றுவிடும். கோல் விழுந்தால் இருமடங்கு வேகத்தில் முழங்கும். அவன் இத்தாலியிலிருந்து இங்கிலாந்துக்கும் பிறகு ஸ்பெயினுக்கும் அணி மாறியபோதெல்லாம் அண்ணையும் கூடவே மாறினார்.

ஒருநாள் அவன் தன் பழைய அணிக்கு எதிராகவே கோல் அடித்தான். துள்ளவில்லை. பழைய ரசிகர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நின்றான். தகடுகள் முழங்கவில்லை. ரொட்டி கருகும் மணம் வந்தது.

"என்ன அண்ணை, கோல் எல்லோ அடிச்சவன்?" என்றேன்.

"உவன் ஏன் கையைத் தூக்கிறான்?"

"பழைய ஆக்களிட்டை மன்னிப்புக் கேக்கிறான். கையைத் தூக்கினா அவையள் ஒண்டும் செய்யமாட்டினம்."

"என்ரை தம்பிக்கும் அப்பிடித்தான் சொன்னவை. ஊரிலை சண்டை முடியேக்கை கையைத் தூக்கிக்கொண்டு ஆமியிட்டைப் போனவன். இன்னும் வரேல்லை."

கருகியதைக் குப்பையில் தள்ளிவிட்டு வேறு ரொட்டி எடுத்தார்.

போன கிழமையும் அந்த வீரன் இன்னொரு பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்துக் கைகளை உயர்த்தினான். அரங்கமே எழுந்து கைதட்டியது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.