முத்தையாபுரத்தில் மின்தடை நாள்

எழுபதுகளில் பந்தயத்துக்கென்றே செய்த பழைய புரோட்டோடைப் கார்களை வைத்து, கணினி விளையாட்டில் நான்கு மணி நேர ஆன்லைன் பந்தயம் ஒன்று நடத்தினேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தும் நாள் குறுக்கே வந்துவிடக் கூடாதே என்று, ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அவரவர் ஊர் மின்தடையை விசாரித்துத்தான் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவு பொறுப்பான ஆள் நான். முத்தையாபுரத்தை மட்டும் விசாரிக்கவில்லை. அது என் ஊர். நானே எனக்குப் போன் போட முடியுமா?

கடைசி அரை மணி நேரம். இதுவரை ஒரு பந்தயம்கூட ஜெயிக்காத சாகுபுரத்து நண்பன், வேலை ஷிப்டை மாற்றிக்கொண்டு, தன் வீட்டிலிருந்து ஓட்டி முதலில் போய்க்கொண்டிருந்தான். என் வீட்டு மின்விசிறி நின்றது. திரை கறுத்தது. அவன்தான் போனில்.

"ஏலே, ரோட்டையே காணோம்! சர்வர் எங்கன இருக்கு?"

"எம் மேசை மேல. எல்லாருக்கும் ரேஸ் ஓடுறது எங் கம்ப்யூட்டர்லதான். இங்கன கரண்டு போச்சு."

"நாந்தான முதல்ல போனேன்? பதிவு இருக்கும்லா?"

"அதுவும் போச்சு மக்கா. ஜெயிப்பு உனக்குத்தான்னு போட்டுருதேன்."



"முடியாத ரேஸ்ல என்னலே ஜெயிப்பு?" என்று வைத்துவிட்டான்.

வெட்கமாவது வரும் என்று காத்திருந்தேன். வியர்வைதான் வந்தது. மத்தியானம் கரண்டும் வந்தது. அடுத்த ரேஸ் எப்போது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கணினியைப் போடவில்லை.