சுண்ணாம்பாகிப் போன சிப்பிகள்

போன வாரம் அருங்காட்சியகத்தின் சிப்பிக் கூடத்துக்குள் நுழைந்ததும் அந்துருண்டை வாசனை. கண்ணாடிக்குப் பின்னால், சோழிகளுக்குக் கீழே இருந்த பெயர்ச் சீட்டுகளில் என் கையெழுத்து! 'ழி'க்கு அப்போதே வால் நீளம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளில் நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். முதலாளி அண்ணாச்சிக்குச் சிப்பிப் பைத்தியம். கடலில்லாத சீமையில் இப்படி ஒருத்தர் போதாதென்று விருதுநகரில் இன்னொருத்தர், மிளகாய் வத்தல் வியாபாரி பாய். தூத்துக்குடி, கீழக்கரை என்று இருவரும் சேர்ந்தே போய் அள்ளி வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் பரப்பிவைத்துப் பங்கு பிரிப்பார்கள். நான் பெயர் எழுதுவேன். பாய் சட்டையில் எப்போதும் வத்தல் நெடி. அவர் குனிந்தால் எனக்குத் தும்மல்.

ஒரு திங்கட்கிழமை அண்ணாச்சியின் வலம்புரிச் சங்கைக் காணோம்.

"நேத்து கடைசியா யாரு கையிலம்மா இருந்துச்சு?" என்றார். பாய் கையில்தான். நான் சொல்லவில்லை, அவருக்கும் தேவைப்படவில்லை. என் சாப்பாட்டுப் பையையும் ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குப் போய் நானே அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். சந்தேகம் அப்படியொரு தொத்துவியாதி.

அடுத்த ஞாயிறு அலமாரியில் பூட்டு தொங்கியது.

"சாவிய எங்கன வச்சிருக்கீக அண்ணாச்சி?" என்றார் பாய்.

"வீட்டுல இருக்கு. டீ சாப்பிடுங்க பாய்."

பாய் டீயைத் தொடவில்லை. அதன்பின் வரவும் இல்லை.

"நின்னுட்டாரு பாத்தியாம்மா? குத்தமுள்ள நெஞ்சு" என்றார் அண்ணாச்சி.

தாயில்பட்டியில் கம்பெனியின் புது வெடிமருந்து ரூம் திறந்த அன்றைக்குத்தான் அண்ணாச்சியின் மனைவி வாய் திறந்தார். "இதுக்கு அஸ்திவாரம் தோண்டுனப்ப காவலா இருக்கட்டும்னு அந்தச் சங்க நான்தான் உள்ள போட்டேன். நாலு உசுரு மருந்து கலக்குற இடம். கேட்டா குடுத்திருப்பீகளா?"

அண்ணாச்சி அப்படியே விருதுநகருக்குக் காரில் ஏறினார். தனியாகப் போகப் பயம்; என்னையும் கூட்டிக்கொண்டார்.

பாய் வாசலுக்கே வந்து, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றார். அண்ணாச்சி நடந்ததைச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒங்க சிப்பியெல்லாம் எங்க பாய்?"

"காளவாசல்ல சுடக் குடுத்துச் சுண்ணாம்பா வாங்கிட்டேன். வச்சிருந்தா திருட்டுச் சிப்பிம்பாக. அந்தா, சுவத்துல இருக்கு."

அண்ணாச்சி எழுந்துபோய்ச் சுவரில் கை வைத்தார். உள்ளங்கையெல்லாம் வெள்ளை. அதை வேட்டியில் துடைக்கவில்லை.

அந்த மாசமே தன் சிப்பிகளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணம், சாவு என்று இருவரும் கடைசிவரை போய்வந்தார்கள். சிப்பிப் பேச்சு மட்டும் வரவே இல்லை.

இப்போது இருவரும் இல்லை. பாய் வீட்டை இடித்து மூன்று மாடிக் கடை கட்டிவிட்டார்கள். இடித்த சுவரை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் தெரியவில்லை.