கிணற்றுக்குள் எண்ணிய ஜெபம்

லாந்தர் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் சக்திவேல் யார் பேச்சையும் கேட்கவில்லை.

"பாருங்க சார், கயித்துல கட்டி உள்ள வுட்டோம். அணையவே இல்ல. காத்து நல்லாதான் கீது. வுடுங்க, நான் எறங்குறேன். எங்க மாமா சார் அது!"

கீழ்பென்னாத்தூர் பக்கம், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவே அறுபதடிக் கிணறு. நாற்பதாவது அடியில் ஒரு கல் திட்டு. மதியம் கரண்ட் போனதும் அந்தத் திட்டில் டீசல் எஞ்சினை இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார் அந்த மாமா இருசப்பன். எஞ்சினை நிறுத்த இறங்கியவர் மேலே வரவில்லை. கிணற்று ஓரத்தில் அவர் மனைவி மணியம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தீயணைப்பு வண்டியிலிருந்து குதித்த எழில், சக்திவேலின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"தம்பி, எஞ்சின் புகை விளக்க ஒண்ணும் பண்ணாது. மனுசனத்தான் சாய்ச்சிடும். நீயும் எறங்குனா நான் ரெண்டு பேரத் தூக்கணும். ஒருத்தரத் தூக்கவே எனக்குத் தெம்பு கம்மி."

கீழேயிருந்து ஒரு முனகல் வந்தது. உயிர் இருக்கிறது. எழில் சிலிண்டரை முதுகில் மாட்டினான். இன்னொரு சிலிண்டர் செட் வேறொரு வண்டியோடு டவுனுக்குப் போயிருந்தது. இறங்க முடிந்தது ஒருவரால்தான்.

ஜேக்கப் எழிலுக்கு முப்பத்து நான்கு வயது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் பயந்தது நெருப்புக்கு இல்லை, முகமூடிக்கு. பயிற்சியில் புகை நிறைந்த அறைக்குள் அனுப்பியபோது, தன் மூச்சின் சத்தமே காதில் மோத, மூன்றாவது நிமிடத்தில் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தான். கூட இருந்த சுரேஷ்குமார் அதைப் பல வருடம் விடவில்லை. "வாய்க்கூடு போட்ட கன்னுக்குட்டி கூட இந்த மாதிரி துள்ளாதுடா."

அந்தப் பயத்துக்கு வழி சொன்னது அவன் மனைவி எப்சிபா. அதுவும் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. மகள் பிறந்த அன்று பிரசவ அறைக் கதவுக்கு வெளியே அவன் நின்றிருந்தான். உள்ளே நர்ஸ், "மூச்ச இழு, விடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் எப்சிபாவின் குரல் கேட்டது: "கூட இரும்." பிறகு கேட்டான், என்ன சொன்னாய் என்று.

"இழுக்கும்போது மனசுல 'இயேசுவே'ன்னேன். விடும்போது 'கூட இரும்'னேன். அவ்ளோதாங்க. நீளமா ஜெபம் பண்ணலாம்னு பார்த்தேன். ஆமென் சொல்றதுக்குள்ள அடுத்த வலி வந்துடுது."

அன்றிலிருந்து எழிலும் பழகினான். விடியற்காலை மொட்டை மாடியில், மலையைப் பார்த்து உட்கார்ந்து பத்து நிமிடம். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டு. பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதையில் வண்டியோடு காவல் நிற்கும்போது, லட்சம் பேர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு கடந்து போவார்கள். அவன் தன் இயேசுவின் பெயரை மூச்சில் வைத்துக்கொண்டு நிற்பான். கடைசியில் முகமூடிக்குள்ளும் பழகினான். அங்கே மூச்சு ஜெபத்தின் பேச்சைக் கேட்டது. நிதானமானது. அதே சிலிண்டர் மற்றவர்களைவிட அவனுக்கு அதிக நேரம் வந்தது.

அப்போதுதான் எண்ண ஆரம்பித்தான். ஒரு மூச்சுக்கு ஒரு ஜெபம். ஐந்நூறு ஜெபம் ஆனால் காற்று குறைந்ததென்று சிலிண்டரின் விசில் அடிக்கும். நாலைந்து பயிற்சியில் கணக்கு அப்படியே நின்றது. "எழிலுக்கு கேஜே தேவையில்லப்பா, இயேசுவே கேஜு" என்று சுரேஷ் எல்லாரிடமும் சொன்னான். எழிலுக்கு அது பிடித்திருந்தது. நிலைய அலுவலர் கலையரசனுக்குப் பிடிக்கவில்லை. "சாமி கும்பிடு, வேணாங்கல. ஆனா கேஜு முள்ளப் பாரு." எப்சிபாவுக்கும் பிடிக்கவில்லை. "ஏங்க, ஜெபத்தையா எண்றீங்க? நான் உங்கள எத்தினி தடவ கூப்டேன்னு எண்ணுவீங்களா?"

அவன் சிரித்துவிட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தான்.

இப்போது நூலேணியில் இறங்கும்போதும் எண்ணினான். இயேசுவே, கூட இரும். ஒன்று. இயேசுவே, கூட இரும். இரண்டு. இடுப்புக் கயிறு மேலே சுரேஷின் கையில், பக்கத்தில் கலையரசன். ஒரு இழுப்பு என்றால் நலம். மூன்று இழுப்பு என்றால் தூக்கு.

திட்டில் கால் வைத்தபோது எண்ணிக்கை எழுபது. இருசப்பன் எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையில் மடங்கிக் கிடந்தார். எஞ்சின் நின்றுவிட்டிருந்தாலும் சூடு ஆறவில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். உடம்பு வந்தது, வலது கால் வரவில்லை. கால் எஞ்சினுக்கு அடியில் மாட்டியிருக்கிறது என்று நினைத்தான். எஞ்சினைத் தோளால் நெம்பினான். அது அசையவில்லை. மறுபடி நெம்பினான். கண்ணில் வியர்வை இறங்கியது.

இருநூற்றுப் பத்தாவது ஜெபத்தில் விசில் அடித்தது.

எழில் அதை நம்பவில்லை. இன்னும் கிட்டத்தட்ட முந்நூறு ஜெபம் பாக்கி இருக்கிறது. விசில்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

"எழிலு, விசில் அடிக்குதுடா! மேல வா!" சுரேஷின் குரல் மேலிருந்து விழுந்தது.

எழில் கயிற்றை ஒருமுறை இழுத்தான். நலம்.

இருநூற்றுப் பதினைந்து. இருநூற்றுப் பதினாறு. தோளை மறுபடி எஞ்சினுக்குக் கொடுத்தபோதுதான் தன் மூச்சு அவன் காதில் விழுந்தது. நாய் இளைக்கிற மாதிரி இருந்தது. ஒரு "இயேசுவே"க்குள் மூன்று மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜெபம் ஒரு பக்கம் நிதானமாகப் போக, மூச்சு வேறு பக்கம் தாறுமாறாக ஓடியிருக்கிறது. எப்போது பிரிந்தன என்று அவனுக்கே தெரியவில்லை. அவன் எண்ணியது மூச்சை இல்லை.

முள்ளைப் பார்த்தான். முப்பதில் நின்றது. இன்னும் ஐந்து நிமிடக் காற்று. இப்படியே இளைத்தால் மூன்று.

ஏறிவிடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வேறு சிலிண்டர் வந்து சேர அரை மணி நேரமாகும். முனகல் இப்போதே நின்றுவிட்டது.

எழில் எண்ணிக்கையை விட்டான். தோளை எஞ்சினிலிருந்து எடுத்தான். சுவரில் முதுகைச் சாய்த்து, வேண்டுமென்றே ஒரு மூச்சு இழுத்தான், அடிவயிறு வரை. இயேசுவே. விட்டான். கூட இரும். நேரம் போகிறதே என்று உடம்பு முழுக்கக் கத்தியது. இன்னொன்று. அந்த இரண்டாவது மூச்சு வெளியே போகும்போதுதான் கண் சரியாகப் பார்த்தது. கால் எதிலும் மாட்டவில்லை. வேட்டிதான் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் சுருண்டு இறுகியிருந்தது. இவ்வளவு நேரம் இரும்போடு மல்லுக்கு நின்றிருக்கிறான்.

கத்தியால் அறுத்தான். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து இருசப்பனின் நெஞ்சைச் சுற்றிக் கட்டி, மூன்று முறை இழுத்தான். அவர் மெல்ல மேலே எழும்பினார், தலை தொங்க.

எழில் நூலேணியைப் பிடித்தான். பாதி ஏறியபோது விசில் தானாகவே ஓய்ந்தது. மேலும் நாலு படி. இழுத்தான், முகமூடி கன்னத்தோடு ஒட்டிக்கொண்டது. காற்று இல்லை.

கை தானாக முகமூடிக்குப் போனது. பிய்த்து எறி. பயிற்சி அறையில் கேட்ட அதே கட்டளை. எறிந்தால் உள்ளே வருவது அந்தப் புகை. கையை இறக்கி ஏணியைப் பிடித்தான். ஏறினான். இழுக்க மூச்சில்லை, விடவும் மூச்சில்லை, எனவே ஜெபமும் இல்லை. ஒரு சொல்லும் வரவில்லை. வெறும் படி, படி, படி. ஆனால் தனியாக ஏறுகிறோம் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

சட்டைக் காலரில் ஒரு கை விழுந்தது. அடுத்தது அக்குளில். புல் தரையில் கிடந்தான். சுரேஷ் முகமூடியைக் கழற்றினான்.

"நலம்னு இழுக்குறியாடா நாயே! நலமா இது!"

பக்கத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் இருசப்பனுக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நெஞ்சு ஒருமுறை ஏறி, நின்று, எல்லாரையும் கதற வைத்து, மறுபடி ஏறியது. "அண்ணாமலையாரே, அண்ணாமலையாரே" என்று மணியம்மாள் அந்த நெஞ்சின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தார். சக்திவேல் இன்னும் எரிந்துகொண்டிருந்த லாந்தரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்து நின்றான்.

கலையரசன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் படுத்திருந்தது. திட்டுவார் என்று எழில் காத்திருந்தான்.

"எத்தினி எண்ணுன?"

"தெரியல சார். பாதியில வுட்டுட்டேன்."

"விசில் அடிச்சப்போ?"

எழிலுக்குப் பொய் சொல்லும் தெம்பு இல்லை. "விசில் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன் சார்."

கலையரசன் சிலிண்டரை அவன் மடியில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸ் பக்கம் போனார். அது அடி வாங்கியதைவிட உறைத்தது.

இன்றும் எழில் அதே ஜெபத்தைத்தான் செய்கிறான். மாடியில், பஸ்ஸில், முகமூடிக்குள். எண்ணுவதில்லை. ஒவ்வொரு முறை "இயேசுவே" என்று இழுக்கும்போதும் கண் ஒருமுறை முள்ளுக்குப் போய் வருகிறது. பஸ்ஸில் முள் இல்லாததால் டிரைவர் தலைக்கு மேலிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறான்.