சாய்ஸ் லிஸ்டில் மூன்றாவதாக இருந்த காலேஜ்

1. கேட் பூட்டுகிற காலேஜ்

குமணன்சாவடி ஜங்ஷனில் பதினெட்டு வருடமாக பிரௌசிங் சென்டர் வைத்திருக்கிறேன். இன்ஜினியரிங் கவுன்சலிங் ஆரம்பித்துவிட்டால் என் கடை கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். எனக்குச் சாப்பாடு நினைவே வராது, அவ்வளவு குஷி. ஒரு பிள்ளையின் அடுத்த நான்கு வருடம் என் மௌஸ் கிளிக்கில் இருக்கிறதே!

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சாய்ஸ் ஃபில்லிங்கில் வரிசைதான் உயிர். மேலே போட்ட காலேஜில் சீட் இருந்தால் அதுவே வந்து விழும், கீழே இருப்பதைச் சிஸ்டம் திரும்பிக்கூடப் பார்க்காது. லிஸ்டை லாக் செய்ய, பதிவு செய்த போனுக்கு ஓ.டி.பி. வரும். எங்கள் பக்கத்தில் அந்த போன் எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கும்.

ரஹீம் பாய் பூந்தமல்லியில் பீரோ பட்டறை வைத்திருப்பவர். மகள் ரிஸ்வானாவுக்கு மெக்கானிக்கல் படிக்க ஆசை, நல்ல கட் ஆஃப். பாய் மறுக்கவில்லை. ஆனால் காலேஜை அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார்.

"அந்தக் காலேஜ்ல ஒம்போது மணிக்கு கேட்ட பூட்டிடுறானாம். பசங்களுக்கு ஒரு படிக்கட்டு, பொண்ணுங்களுக்கு ஒரு படிக்கட்டாம். அத்த மொதல்ல போடு தங்கச்சி."

நானும் சந்தோஷமாகப் போட்டேன். பெண்பிள்ளை என்றால் அதைத்தான் நானே சொல்வேன். எத்தனை பேரை அங்கே அனுப்பியிருப்பேன்! ரிஸ்வானா கேட்ட காலேஜ் மூன்றாவது இடத்துக்குப் போனது. அவள் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் லாக் செய்ய வேண்டும்.

2. புவனாவின் ரெக்கார்ட் நோட்டு

அவர்கள் கிளம்புகிற நேரத்தில் புவனா பிரிண்ட் எடுக்க வந்தாள். பாய் முதலில் போடச் சொன்ன அதே காலேஜில் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் படிக்கிறாள். சீட் போட்டுக் கொடுத்தது நான்தான்.

பெருமையாக, "லேத்தெல்லாம் நல்லா ஓட்டுவியாமா?" என்றேன்.

"தொட்டதே இல்லக்கா. பசங்க ஓட்டுவாங்க, நாங்க அளவு எழுதி ரெக்கார்ட் முடிப்போம். லேடீஸ் டாய்லெட்டு சாவி மெயின் பிளாக் ஆபீஸ்ல கீது, போய்ட்டு வர்றதுக்குள்ள லேபே முடிஞ்சிடும்."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடமாக இந்தப் பெண் கடைக்கு வந்து போகிறாள், ஒருநாள்கூட நான் இதைக் கேட்டதில்லை. கட் ஆஃப் பார்த்தேன், கேட் பார்த்தேன், உள்ளே பிள்ளை என்ன செய்கிறாள் என்று பார்க்கவில்லை. என் மேலேயே கோபம் வந்தது.

"பாய், லாக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு காலேஜையும் நேர்ல பாத்துடலாம். நானும் வரேன்" என்றேன்.

"கடைய உட்டுட்டா?"

"ஷட்டர் எங்கயும் ஓடிப்போவாது பாய்."

3. ராடு ஒட்டிக்கொண்டது

மறுநாள் காலை முதல் காலேஜ். மெஷின் எல்லாம் பளபளவென்று இருந்தன. பாய் ஒரு லேத்தைத் தடவிப் பார்த்து, "இன்னா சார், பொண்ணுங்கோ இதுல வேல செய்யுமா?" என்றார்.

"அவங்களுக்கு எதுக்குங்க ரிஸ்க்கு? பக்கத்துல நின்னு நோட்ஸ் எடுத்துப்பாங்க" என்றார் அந்த லேபைப் பார்த்துக்கொள்பவர். பாய் வெளியே வரும்வரை தாடியைத் தடவிக்கொண்டே வந்தார்.

அடுத்து ரிஸ்வானா கேட்ட காலேஜ், கட்டடம் சுமார்தான். வொர்க்‌ஷாப் வாசலுக்குப் பக்கத்திலேயே லேடீஸ் டாய்லெட், பூட்டு இல்லை, தண்ணீர் வந்தது. நான்தான் முதல் ஆளாகப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தேன்! உள்ளே காக்கி ஏப்ரன் போட்ட ஒரு பெண் வெல்டிங் செய்துகொண்டிருந்தாள். பாய் நேராக அவளிடம் போய், பற்றவைத்த இடத்தை உற்றுப் பார்த்தார்.

"கை கொஞ்சம் வேகமா போவுது மா."

"எங்க மேடமும் அத்தான் சொன்னாங்க" என்று அவள் சிரித்தாள்.

அந்த மேடம், வொர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர், பாயின் தொழிலை விசாரித்துவிட்டு ரிஸ்வானாவைப் பார்த்து, "பட்டறைக்காரர் பொண்ணுன்னா உனக்குத் தெரியுமே, வா" என்று ஏப்ரனும் கையுறையும் முகமூடியும் மாட்டிவிட்டார்.

ரிஸ்வானா ஹோல்டரில் மாட்டியிருந்த வெல்டிங் ராடைத் தகட்டில் வைத்தாள். அது தகட்டோடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் ஒட்டியது.

இன்ஸ்ட்ரக்டர் வியப்போடு, "ஊட்ல ஹோல்டர் புடிச்சதே இல்லயா?" என்றார்.

ரிஸ்வானா முகமூடியைத் தூக்கினாள். "அத்தா குடுத்ததில்ல மேடம். நான் பக்கத்துல நின்னு அளவு எழுதுவேன்."

பாயின் முகம் சட்டென்று மாறியது. முந்தின நாள் என் கடையில் புவனா சொன்னபோது அவரும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீழே கிடந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் போய் நின்றார்.

"குத்தாத மா. தீக்குச்சி கிழிக்கிற மாதிரி லேசா தேய்."

தேய்த்தாள். பொறி பிடித்துக்கொண்டது! எனக்குக் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

4. நாலே முக்கால்

கடைக்குத் திரும்பும்போது மணி நாலரை. பாயே சொல்ல, மூன்றாவதாக இருந்ததை முதல் இடத்துக்கு ஏற்றினேன். லாக் பட்டனை அமுக்கியதும் பாயின் போன் கிணுகிணுத்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியவில்லை. போனை மகளிடம் நீட்டினார்.

"நீயே போடு மா."

அவள் ஓ.டி.பி.யை ஒவ்வொரு எண்ணாக அடித்தாள். லாக் ஆனபோது மணி நாலே முக்கால். சில நாள் கழித்து அவள் கேட்ட காலேஜே அலாட்மென்டில் வந்தது. அன்று என் கடையில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு, பெண்பிள்ளையோடு வருகிற எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: காலேஜ் வாசலோடு திரும்பாதீர்கள். வொர்க்‌ஷாப்புக்குள் போங்கள், அங்கே பெண்கள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், பேனாவா, ஹோல்டரா?

புவனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுக்கா" என்றாள். ஆனால் இப்போது சனிக்கிழமைகளில் பாயின் பட்டறைக்குப் போய் அவளும் ஹோல்டர் பிடிக்கிறாள். பாய்தான் கூப்பிட்டார். அளவை இப்போது அவர் எழுதிக்கொள்கிறாராம்.