ஆறங்குல விமானத்தின் சிவப்பு வட்டம்

பிளாஸ்டிக் விமானப் பெட்டி ஒன்றை இன்று வாங்கினால் எல்லாமே உள்ளே இருக்கிறது. இறக்கை, சக்கரம், விமானியின் தலை, தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளச் சின்னம் வரை. ஜொகூர் மாசாய் ஊரில் என் வீட்டு அலமாரியில் அப்படிச் செய்த விமானங்களும் டாங்கிகளும் மூன்று தட்டுகளை நிறைத்து நிற்கின்றன. எந்த ஆண்டில் எந்தச் சாயம் பூசினார்கள், வாலில் எந்த எண் போட்டார்கள் என்பதில் நான் பிழை விடுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் எங்கே கற்றீர்கள் என்று கேட்பார்கள். சிம்பாங் ரெங்கத்துக்கும் குளுவாங்குக்கும் நடுவே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஜப்பான்காரன் காலத்தில், மரத்தில் கற்றேன் என்பேன். அப்போது நான் விட்ட பிழை ஒன்றை யாருக்கும் சொன்னதில்லை.

அந்தத் தோட்டத்து ஆபீசில் நான் இளைய கிராணி, அதாவது குமாஸ்தா. 1941இல், போர் வரும் என்ற பேச்சு எழுந்தபோது, வானத்தைப் பார்த்து விமானங்களை அடையாளம் சொல்லும் தொண்டர் குழு ஒன்றை வெள்ளைக்காரத் துரை அமைத்தார். பாடம் நடத்த அவருக்குக் கறுப்பு மர விமானங்கள் தேவைப்பட்டன. தச்சர் செய்தது பறவை மாதிரி இருந்தது. நான் செய்தது விமானம் மாதிரி இருந்தது. எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. ஆறடி மனிதன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். இந்தக் கணக்கு பிடிபட்டதும் மற்றதெல்லாம் பொறுமைதான். ஜெலுத்தோங் மரம் வெண்ணெய் மாதிரி செதுக்க வரும். உப்புத்தாள் கிடைக்காதபோது மெம்பெலாஸ் இலையால் தேய்ப்பேன். மலாய்க்காரர்கள் கத்திப் பிடியை மெருகேற்ற எடுக்கும் சொரசொரப்பான இலை அது.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை ஜொகூருக்குள் வந்தபோது, செய்த அத்தனையையும் புகைவீட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். வைத்திருந்தால் ஒற்றன் என்று தலையை எடுத்திருப்பார்கள்.

அந்தப் புகைவீட்டில் நெருப்புப் பார்த்தவர் என் அக்காள் புருஷன். நான் மாமா என்று கூப்பிடுவேன், அவர் என்னை மச்சான் என்பார். ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு, கீழே விறகுப் புகை போட்டுக் காயவைப்பது அவர் வேலை. ஜப்பானியர் காலத்தில் தோட்டம் அரைகுறையாகத்தான் ஓடியது, ஆனாலும் புகைவீடு நிற்கவில்லை. ஆபீஸ் கடிகாரம் தோக்கியோ நேரம் காட்டியது. காலண்டரில் 1943க்குப் பதில் 2603 என்று இருந்தது. என் நாட்குறிப்பில் இரண்டையும் எழுதி வந்தேன், மேலே மையில் அவர்கள் ஆண்டு, கீழே பென்சிலில் நம் ஆண்டு.

அந்த ஏப்ரலில், போனவர்களில் பலர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. எங்கள் தோட்டத்துக்கு முப்பத்தொரு பேர். பட்டியலைப் புதிய ஜப்பானிய மேனேஜர் சொல்லச் சொல்ல நான்தான் தட்டச்சு செய்தேன். பதினேழாவது பெயர் மாமாவுடையது. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை. நான் அந்தப் பெயரையும் மற்றவற்றைப் போலவே தட்டினேன். வேறு என்ன செய்வது என்று அந்த நிமிடத்தில் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, குளுவாங் விமானத்தளத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த சண்டை விமானம் ஒன்றைப் பார்த்துக் காகிதத்தின் பின்பக்கம் வரைந்துகொண்டிருந்தேன். பழக்க தோஷம். மேனேஜர் பின்னால் நின்றதைக் கவனிக்கவில்லை. காகிதத்தைப் பிடுங்கினார். அறை விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டேன். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார், பிறகு மேசையில் கிடந்த தேக்கு ரூலரால் இறக்கையை அளந்தார். இதை மரத்தில் செய்வாயா என்று உடைந்த மலாயில் கேட்டார். ஏப்ரல் 29 அவர்களுடைய பேரரசரின் பிறந்தநாள். அன்று தளத்தின் தலைவருக்குப் பரிசாகக் கொடுக்க அவருக்கு ஒன்று தேவை.

செய்வேன் என்றேன். அதோடு பட்டியலில் பதினேழாவது பெயரைக் காட்டி, இவர் என் அக்காவின் கணவர் என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்று யோசித்தால், வேலை எனக்குத் தெரியும் என்ற நிச்சயத்திலிருந்துதான் வந்தது. அவர் விமானத்தின் புகைப்படம் ஒன்றை என் முன் வைத்தார்.

"பாகுஸ், டியா திங்கால்," என்றார். "தா பாகுஸ், டியா ஜாலான்."

நன்றாக இருந்தால் அவன் இருப்பான், இல்லையென்றால் போவான். அவ்வளவுதான்.

ஆறங்குல இறக்கை. உடலை இரண்டு மாலையில் செதுக்கினேன். பால் டின் தகரத்தில் விசிறி வெட்டினேன். பழைய போட்டோ நெகட்டிவை வெந்நீரில் கழுவினால் கண்ணாடி மாதிரி ஆகும். விமானி உட்காரும் இடத்துக்கு அது மூடி ஆயிற்று. ஆபீஸ் கதவுக்கு அடித்த பச்சைச் சாயம் டின்னின் அடியில் கொஞ்சம் இருந்தது. மிச்சம் இருந்தது சிவப்பு வட்டம் மட்டும், இறக்கையின் மேலும் கீழும் நான்கு, உடலில் இரண்டு. சிவப்புதான் எங்கும் இல்லை. பிறந்தநாளுக்கு எல்லாக் கடையும் எல்லா வீடும் கொடி செய்ய வேண்டியிருந்ததால் சிம்பாங் ரெங்கத்தில் இருந்த சிவப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. மஞ்சளைச் சுண்ணாம்பில் கரைத்தால் ரத்தச் சிவப்பு வருமே. மரவள்ளி மாவுக் கஞ்சியில் அதைக் குழைத்தால் தூரிகைக்கு நிற்கும்.

"சோத்துக்கே மஞ்சள் இல்ல, இவன் ஏரோப்ளேனுக்குக் கேக்குறான்," என்றாள் அக்கா. ஆனாலும் தொழிலாளர் லயத்தின் பின்னாலிருந்து ஒரு கிழங்கைத் தோண்டிக் கொண்டுவந்து இடித்துக் கொடுத்தாள்.

"ஜப்பான்காரனுக்கு ஆரத்தி எடுக்குற மொத ஆளு நீதான் மச்சான்," என்றார் மாமா.

வட்டத்தைக் காம்பஸால் கீறி, ஒற்றை மயிர்த் தூரிகையால் நிரப்பினேன். அச்சடித்த மாதிரி விழுந்தது. ஏப்ரல் 27, மழை. எதுவும் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டியது. புகைவீட்டில் உலராத பொருள் இல்லை என்று நான்தான் சொன்னேன். மாமா ஷீட்டுகளுக்கு நடுவே மூங்கிலில் நூல் கட்டி விமானத்தைத் தொங்கவிட்டார்.

மறுநாள் மத்தியானம் மாமா அதைத் துணியில் சுற்றி லயத்து வீட்டுக்கு எடுத்து வந்தார். மேனேஜர் நான்கு மணிக்கு ஆபீசுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தோக்கியோ நான்கு மணி. வெயில் கணக்கில் அது இரண்டரை. மாமா துணியைப் பிரிக்காமல் அக்காவிடம் நீட்டினார். அக்கா பிரித்தாள்.

ஆறு வட்டமும் மஞ்சளாக இருந்தன. சோறு மேல் ஊற்றிய குழம்பு மஞ்சள்.

"மச்சான்," என்றார் மாமா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சயாம்ல மழை பெய்யுமாடா, நல்லா?"

"சும்மா இருங்க மாமா."

"இல்ல, கேட்டு வச்சுக்கலாம்னுதான்."

அவர்களுடைய சூரியனை மஞ்சளாக்கிக் கொடுத்தால் ஒரு பெயரோடு போகாது. மூன்று பேரையும் ஏற்றிவிடுவார்கள். அக்கா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "காயாம ஈரமாவே குடுத்திருக்கலாம்," என்றாள். ஏன் மாறியது என்று தெரியாமல் திருத்தக் கூடாது. அது என் பழக்கம். விமானத்தை முகர்ந்து பார்த்தேன். காடி வாடை. விறகுப் புகையில் புளிப்பு இருக்கிறது, புகைவீட்டில் நிற்கும் எல்லாருக்கும் தொண்டையில் தெரியும். மஞ்சளைச் சிவப்பாக்கியது சுண்ணாம்பு. புளிப்பு சுண்ணாம்பைத் தின்றுவிட்டால் மஞ்சள்தானே மிஞ்சும்.

"அக்கா, சுண்ணாம்பு," என்றேன்.

வெற்றிலைப் பெட்டியில் நகக்கண் அளவுதான் இருந்தது. தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, கோழி இறகின் நுனியால் முதல் வட்டத்தைத் தொட்டேன். தொட்ட இடத்தில் உடனே சிவந்தது. மாமா குனிந்து பார்த்தார். "அடேய்," என்றார். ஆறையும் முடித்தேன். முன்பைவிடக் கறுப்பான சிவப்பு, ஆனால் சிவப்பு. காற்றுப் பட்டு மறுபடி மாறாதிருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும். அக்கா கேட்காமலே கூடையிலிருந்த ஒரே முட்டையை உடைத்து வெள்ளைக்கருவை ஓட்டிலேயே நீட்டினாள். அது காய்ந்தபோது மெழுகு தடவிய பளபளப்பு வந்தது. மாமா விசிறியால் வீசிக்கொண்டே இருந்தார்; அவருக்கு உத்தியோகமே அடுப்புக்குக் காற்று போடுவதுதானே என்று அக்கா சொன்னாள்.

நான் விமானத்தோடு ஆபீசில் காத்திருந்தேன்; மேனேஜர் நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தார். விமானத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மூக்கிலிருந்து வால்வரை பார்த்தார். இறக்கையை ரூலரால் அளந்தார். பிறகு சிவப்பு வட்டத்தில் கட்டைவிரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவே இல்லை போல இருந்தது. எடுத்தபோது விரல் சுத்தமாக இருந்தது.

"மேரா துவா," என்றார். அடர்ந்த சிவப்பு. அவர் ஊர்க் கோயில் தூணின் நிறம் என்று கைச்சைகையால் விளக்கினார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். வேண்டுமென்றே அப்படிச் செய்தேன் என்று அவர் எண்ணிக்கொள்ளட்டும்.

பட்டியலை எடுத்துப் பதினேழாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். போட்டுவிட்டு விமானத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பட்டியலின் அடியில் நான் தட்டியிருந்த "மொத்தம் 31" அப்படியே நின்றது.

அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது. லாரியோடு வரும் ஆட்கள் பெயரைப் பார்க்க மாட்டார்கள், எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். ஒருவன் குறைந்தால் கையில் கிடைத்தவனை ஏற்றுவார்கள். லயத்தில் அன்று கையில் கிடைக்கக்கூடியவர் மாமாவேதான். மேனேஜரைத் திருப்பிக் கூப்பிட்டால் கோட்டை அழித்தாலும் அழிப்பார். தட்டச்சு இயந்திரத்தில் புதிய தாளைச் செருகினேன். முப்பது பெயரையும் முதலிலிருந்து தட்டினேன், வரிசை எண்ணைத் திருத்தி, அடியில் "மொத்தம் 30" என்று. தேதியை அவர்கள் கணக்கில் போட்டேன். ஆபீஸ் முத்திரை என் மேசையில்தான் இருந்தது.

லாரி மே மாதத் தொடக்கத்தில் வந்தது. துப்பாக்கி வைத்திருந்தவன் ஆட்களைத் தலையில் தட்டித் தட்டி எண்ணினான், தாளைப் பார்த்தான், மறுபடி எண்ணினான். முப்பது. சரி என்று கையசைத்தான். மேனேஜர் வராந்தாவில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். எண்ணிக்கையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

மாமா புகைவீட்டு வாசலில் நின்றார். லாரியில் ஏறியவர்களில் பாதிப் பேர் அவரோடு சீட்டாடியவர்கள். ஒருவர் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, "அடுப்ப அணைய விட்டுராத," என்று கத்தினார். மாமா பதிலுக்குக் கையைத் தூக்கினார். லாரி குளுவாங் சாலையில் திரும்பி மறையும்வரை கையை இறக்கவில்லை.

அந்த முப்பது பெயரையும் ஒரே மாதத்தில் நான் இரண்டு முறை தட்டியிருந்தேன். தாளைப் பார்க்காமல் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும், இன்றும்.