சங்கரலிங்கம் பிள்ளை சுடாத குண்டு

செய்தியைக் கொண்டுவந்தவர் பால்காரர். பிள்ளை பாபு விடியற்காலையில் போய்விட்டார் என்று பாலை ஊற்றிக்கொண்டே வங்காளியில் சொன்னார். பவானிபூரே குலுங்கும், ஹூக்ளி நதி சற்று நின்று அழுதுவிட்டுப் போகும் என்று எதிர்பார்த்தேன். டிராம் மணியடித்துக்கொண்டு வழக்கம்போலப் போயிற்று.

நம் சங்கரலிங்கம் பிள்ளையைத் தெரியாத தமிழர் கல்கத்தாவில் உண்டா? வெள்ளைக்காரக் கம்பெனியில் கஜானாப் பொறுப்பு. அதனால் சர்க்கார் லைசென்ஸோடு இடுப்பில் ஒரு ரிவால்வர். அதைச் செருகிக்கொண்டு அவர் கடைத்தெருவுக்குப் புறப்பட்டால் சுந்தரவனத்துப் புலிகள் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நான்தான் பரப்பிவைத்திருந்தேன். உண்மையில் அதைக் காட்டி அவர் ஒரு காக்கையைக்கூட விரட்டியதில்லை.

"எதிராளியப் பாக்கிறது பெருசில்ல வேய். அவனுக்குப் பின்னால யாரு நிக்கான்னு பாக்கணும்" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுப் பூனைகூட எலிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அவரோடு காய்கறி வாங்கப் போயிருந்தேன். எதிர்ச்சாரி நகைக்கடையிலிருந்து, முகத்தைச் சால்வையால் மூடிய சில வாலிபர்கள் மூட்டையோடு வெளியே பாய்ந்தார்கள். ஒருவன் கையில் கைத்துப்பாக்கி. வாசலில் காவல் நின்ற பீகார்க்காரக் கிழவர் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பிள்ளையின் கை ரிவால்வருக்குப் போய்விட்டது. சுடும் பிள்ளைவாள், சுடும் என்றேன். அவர் கண் அந்த வாலிபனைத் தாண்டிப் போயிற்று. அங்கே தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை.

"பின்னால பொம்பளையாளுவ நிக்காவ. பேசாமக் குனியும்" என்று என்னைத் தரையோடு அழுத்தினார்.

வெடிச்சத்தம் கேட்டது. காவல்காரர் சரிந்தார். வாலிபர்கள் சந்துக்குள் மறைந்தார்கள்.

பிள்ளை ஓடிப்போய்க் கிழவரின் தலையை மடியில் தாங்கி, மேல்வேட்டியால் காயத்தை அழுத்திப் பிடித்தார். குனிந்தபோது கோட்டு விலகி இடுப்பு ரிவால்வர் தெரிந்தது. கிழவரின் பார்வை அங்கேயே நின்றது. இந்துஸ்தானியில், கோபமே இல்லாமல், "பாபு, உங்களிடமும் இருந்ததே" என்றார். அதுதான் கிழவரின் கடைசிப் பேச்சு.

போலீசாருக்குப் பிள்ளை எல்லாம் சொன்னார்: யார் உயரம், யார் இடக்கைக்காரன், எந்தச் சந்து. லைசென்ஸ் எதற்கு வைத்திருக்கிறீர் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, என் குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை என்றார். நம்மவர்களே அவரைக் கோழை என்று முணுமுணுத்தார்கள். நான் விடுவேனா? பிள்ளை முறைத்த முறைப்பில் கொள்ளைக்காரர்கள் பர்மாவரைக்கும் ஓடினார்கள் என்று ஊரெல்லாம் அளந்தேன். அது அவர் காதுக்கு எட்டியதும் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கதை கட்டாதேயும். நான் செஞ்சது சரிதான். நாளைக்கே நடந்தாலும் அப்படித்தான் செய்வேன்" என்றார். காபியைத் தொடவில்லை. "சரியாச் செஞ்சவனுக்குத் தூக்கம் வரணும்லா? வரலியே வேய்."

மறுவாரம் அலிப்பூர் சர்க்கார் கச்சேரியில் ரிவால்வரையும் லைசென்ஸையும் ஒப்படைத்துவிட்டார். பிறகும் பேச்சுக்கு நடுவே அவர் கை கோட்டுக்குள் போகும். வெறுமையைத் தடவிவிட்டுத் திரும்பும். யார் பின்னால் வந்து பாபு என்று கூப்பிட்டாலும் முகம் வெளுத்துவிடும். கடைசி மாதங்களில் யாருமே கூப்பிடாதபோதும் திரும்பிப் பார்த்தார்.

சுடுகாட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். கொசுவை யானையாக்கி அதன்மேல் அம்பாரியும் வைக்கிற வாய் இது. அன்று திறக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தக் காவல்காரரின் ஒரு வாக்கியம். சொன்னவரும் போய்விட்டார், கேட்டவரும் போய்விட்டார். பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான் மிச்சம். அவர் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். நேற்று இரவு முழுக்க அதையே சொல்லிக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.