மிதிக்க ஒருவர், எழுத ஒருவர்

"அப்பா, ஒரு ஜெனரேட்டர் வாங்குங்கோ. இருட்டுக்குள்ள தனிய இருக்காதேங்கோ."

கனடாவிலிருந்து மகன் எழுதியது. கடிதத்தின் மூலையில் ஆவணி 12 என்று திகதி. மல்லாவியில் என் கைக்குக் கிடைத்தது ஆவணி 30. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து இரண்டு வருடமாகியும் கடிதங்கள் நடந்துதான் வருகின்றன போல...

கடிதம் வந்த அன்று மூன்றாவது நாளாகக் கரண்ட் லைன் இல்லை. பின்வீட்டுக்காரர் தன் ஜெனரேட்டரிலிருந்து மாலை ஆறு முதல் ஒன்பது வரை எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு வயர் இழுத்துத் தருகிறவர். இயந்திரம் பழுது.

வெளிச்சத்துக்கு அரிக்கன் லாம்பு போதும். ரேடியோவுக்கு? மாலைச் செய்தியைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். எத்தனையோ இடப்பெயர்வில்கூட அது விட்டுப்போகவில்லை. இப்போது மூன்று பக்கம் வெறுமை. ரேடியோவில் பற்றரி போடும் இடம் எப்போதோ கசிந்து அரித்துப்போனது. வயர் கொடுத்தால்தான் பேசும்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்து வியாபாரம் தொடங்கியிருக்கும் ஒரு முஸ்லிம் நண்பர் அங்கே மின்சாமான் கொண்டுவருவார்.

"வீட்டில எத்தினை பேர், மாஸ்டர்?"

"நான் மட்டும்தான்."

"ஒராளுக்கு எதுக்கு ஜெனரேட்டர்? அது இரைஞ்சா படலையில ஆள் நிண்டு கூப்பிட்டாலும் கேக்காது."

"என்னை ஆர் கூப்பிடப் போயினம்?"

அவர் சிரிக்கவில்லை. கார் பற்றரி ஒன்றைக் காட்டினார். "இது நல்லது. ஆனா சார்ஜ் போடக் கொண்டு வரோணும். கரியரில வைச்சால் சைக்கிளைத் தள்ள ஒராள், இதைப் பிடிக்க ஒராள்."

"அந்தச் சோலர் தட்டு?"

"கூரையில போட்டால் சின்னப் பற்றரி ஒண்டு தன்பாட்டில சார்ஜ் ஆகும். தூக்கத் தேவையில்லை. மாரியில மட்டும் படுத்திடும்."

"யோசிச்சு வாறன்."

"பழைய டைனமோ இருக்குமே? அதுவரைக்கும் அதை மிதியுங்கோ."

இருந்தது. பற்றரிகூட உள்ளே வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தப் பக்கம் ரேடியோ கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர். எங்கள் வீட்டில் நான் மிதிப்பேன். டைனமோ இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்காது. மனைவி ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு எழுதுவா.

அவா கண்மூடி மூன்று வருடம். அன்று மாலை தனியே ஏறினேன். கொப்பியை ஹாண்டிலில் கட்டினேன். மிதித்தால் எழுத முடியவில்லை. எழுதக் குனிந்தால் கால் தளர்ந்து ரேடியோ செத்துப்போகிறது. இரண்டு பேர் வேலை என்பது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை?

இறங்கி, அவா எழுதிய பழைய கொப்பிகளை எடுத்தேன். ஒழுங்கான கையெழுத்து. இடையிடையே சில நாட்கள் மட்டும் பாதியில் நிற்கின்றன: "அலை விலகிவிட்டது." அந்த நாட்களில் அவா சொன்னது நினைவிருக்கிறது. "காணும், போதும், இறங்குங்கோ. இனிக் கேக்காது."

திகதி பார்க்கிற புத்தி சும்மா இருக்குமா? என் முழங்கால் வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில் தந்த கிளினிக் அட்டையைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பங்குனி 9 — கால் வீக்கம். கொப்பியில் அலை விலகியிருக்கிறது. பங்குனி 10 — அதேதான். ஐப்பசியில் மூன்று நாள்... மூன்று நாளும் விலகியிருக்கிறது. என் முழங்காலைப் பார்த்தா வானொலி அலை விலகும்?

அடுத்த சனி சோலர் தட்டை வாங்கிவிட்டேன். இப்போது செய்தி முழுதாக வருகிறது. ஒரு வசனம்கூடத் தவறாமல் எழுதுகிறேன். போதும் என்று சொல்ல யாரும் இல்லை.

அந்த நாட்களில் அலை உண்மையிலேயே விலகியதா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.